பழைய வாகனமும் பட்டறிவும்: யாழ்ப்பாணத்தில் ஐந்தாண்டு, டென்மார்க்கில் ஐந்தாண்டு

ஹேர்னிங் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், எம்மவர் ஒருவருடைய வீட்டின் பின்வளவில் பழைய பிக்கப் வாகனம் ஒன்று நிற்கின்றது. நான்கு சில்லுகளும் இழுக்கும் வகையைச் சேர்ந்த அதற்கு முப்பது வயது கடந்துவிட்டது. கதவுகளின் அடிப்பாகத்தைக் கறள் தின்றிருக்கின்றது. பின்தட்டின் ஒரு மூலையில் புல் முளைத்திருக்கின்றது. அதனை மலிவாக வாங்கிய தந்தையார், ஓய்வு நாள்கள் தோறும் அதன் கீழே படுத்துக் கிடந்து ஏதோ ஒன்றைக் கழற்றுகின்றார். ஏதோ ஒன்றைப் பூட்டுகின்றார். இந்த நாட்டிலே பிறந்து வளர்ந்த மகனுக்கோ இது விளங்கவில்லை. அண்மையில் அங்கு சென்றிருந்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "சேர், இந்தப் பழைய இரும்புக்கு அப்பா ஏன் இவ்வளவு காசும் நேரமும் செலவழிக்கிறார்?"

தந்தையார் வாகனத்தின் கீழிருந்தே குரல் கொடுத்தார்: "மாஸ்ரர், நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டின கதையை உவனுக்குச் சொல்லுங்கோ."

அந்தக் கதையைச் சொல்வதற்கே இக்கட்டுரை. ஆயினும் அதனை யாழ்ப்பாணத்தோடு மட்டும் நிறுத்திவிட இயலாது. எமக்குப் புகலிடம் தந்த இந்த நாடும், எமக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னதாக, அதே பாடத்தை ஐந்து ஆண்டுகள் படித்திருக்கின்றது. இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஒரு பழைய வாகனத்தின் பெறுமதியை அதன் வயதும் சந்தை விலையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைத் திருத்தத் தெரிந்த கைகள் அருகில் உள்ளனவா என்பதே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கின்றது.

தட்டுப்பாட்டில் பிறந்த வண்டி

நான்கு சில்லுகளும் இழுக்கும் சிறு வாகனம் உலகெங்கும் பரவியது இரண்டாம் உலகப் போரின்போதுதான். அமெரிக்காவின் வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப் வண்டிகளை உற்பத்தி செய்தன. போர் முடிந்ததும், படைகளுக்குத் தேவையற்றுப் போனவை மலிவாக விற்கப்பட்டன. பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தமது காணியில் அத்தகைய பழைய ஜீப் ஒன்றையே பயன்படுத்தி வந்தார். அது ஓய்ந்துவிட்டால் பதிலுக்கு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே லாண்ட் ரோவர் பிறந்தது. அதன் முதல் மாதிரி வண்டியும் ஜீப் ஒன்றின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்பிரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. அக்காலத்தில் பிரித்தானியாவில் உருக்குப் பங்கீட்டில் இருந்தபடியால், உடற்பகுதி அலுமினியக் கலப்புலோகத் தகட்டினால் செய்யப்பட்டது. எளிய கருவிகளால் வளைக்கக்கூடிய தட்டையான தகடுகளே அதற்குப் போதுமாயின. தட்டுப்பாட்டுக்காகக் கைக்கொண்ட அந்த வழி, கறளை எதிர்க்கும் வண்டியையும் தந்துவிட்டது.

ஜப்பானின் ரொயோட்டா நிறுவனம் 1951இல் ஜீப்பை ஒத்த வண்டியொன்றைச் செய்தது. பின்னர் லாண்ட் குறூசர் எனப் பெயர் பெற்ற குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. 1968இல் ஹைலக்ஸ் பிக்கப் வெளிவந்தது. 1970களின் இறுதியில் அதற்கும் நான்கு சில்லு இழுவை கிடைத்தது. இத்தகைய பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. ஏணி போன்ற தனியான இரும்புச் சட்டம் அடியில் இருக்கும். உடற்பகுதி அதன்மேல் ஆணிகளால் பூட்டப்பட்டிருக்கும். இயந்திரம், கியர்ப்பெட்டி, அச்சு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கித் திருத்தலாம். சிறிய கராச்சில், சில சாவிகளோடும் ஒரு பாரந்தூக்கியோடும் வேலை செய்பவனுக்கு இந்த அமைப்பே பெரும் துணை.

டென்மார்க்கின் ஐந்து ஆண்டுகள்

1940 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜேர்மனியப் படைகள் டென்மார்க்கினுள் நுழைந்தன. கடல்வழியே வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றுபோனது. தனியார் கார்களில் பெரும்பாலானவை கட்டைகளின் மீது ஏற்றி நிறுத்தப்பட்டன. மருத்துவர், தீயணைப்போர், உணவு ஏற்றும் லொறிக்காரர் போன்றோரின் வண்டிகளோ ஓடியே ஆகவேண்டியிருந்தன. அப்பொழுது அவர்கள் கைக்கொண்ட வழி விறகு வாயு.

காரின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ உயரமான இரும்புக் கொள்கலம் ஒன்று பொருத்தப்பட்டது. நன்கு உலர்ந்த மரத்துண்டுகள் அதனுள் இடப்பட்டு, போதிய காற்றின்றி அரைகுறையாக எரிக்கப்பட்டன. அவ்வாறு எரியும்போது காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு உண்டாகும். அதனைக் குளிரவைத்து, சாம்பலும் தாரும் நீங்க வடிகட்டி, இயந்திரத்துக்கு ஊட்டினர். ஒரு லீற்றர் பெற்றோல் செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ 3 கிலோ விறகு தேவைப்பட்டது. இயந்திரத்தின் வலு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துபோனது. புறப்படுவதற்கு முன் தீமூட்டிக் காத்திருக்க வேண்டும். அடிக்கடி சாம்பல் அள்ளி வடிகட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். கதவடைத்த கொட்டிலினுள் வாயு கசிந்தால் மணமும் நிறமும் அற்ற நஞ்சு ஆளைக் கொன்றுவிடும். இத்தனை தொல்லைகளுக்கும் மத்தியில் டென்மார்க்கில் சுமார் 10,000 வாகனங்கள் அக்காலத்தில் இவ்வாறு ஓடின.

மிதிவண்டிக்கும் அதே கதிதான். றப்பர் கிடைக்காத நிலையில், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை வெட்டிச் சில்லில் பொருத்தி ஓடியவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு நிலக்கரி குறைந்தபோது யூலான்ட்டின் மண்ணுக்கு அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரி தோண்டப்பட்டது. ஹேர்னிங்குக்குத் தெற்கே உள்ள சோபிப் பகுதியில் 1940இல் தொடங்கிய அந்தத் தோண்டல் 1970 வரை நீடித்தது. பிரண்டவில் உள்ள அபிராமி அம்மன் ஆலயத்துக்குச் செல்லும் எம்மவர் பலர், அந்தப் பழைய சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்து உண்டான ஏரிகளுக்கு அருகாகவே பயணம் செய்கின்றனர். இந்த நாட்டின் இல்லாமைக் காலத்துக்கு அவை சாட்சியாய்க் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்தின் ஐந்து ஆண்டுகள்

இனி எமது கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைத் திருத்தும் கலை பொருளாதாரத் தடையோடு தொடங்கியதன்று. 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. அந்த இடைக்காலத்தில், முன்பு வந்திறங்கிய பிரித்தானியக் கார்களை மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஓஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஓஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய பெயர்கள் எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருந்தன. தேய்ந்த உருளையைக் கடைந்து பெருப்பிப்பதும், உடைந்த பாகத்துக்கு ஒட்டு வைப்பதும், இன்னொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்துவதும் அந்நாளைய கராச்சுகளின் அன்றாட வேலை. தந்தையிடமிருந்தோ முதலாளியிடமிருந்தோ பார்த்துப் பழகியவர்களே அவ்வேலையைச் செய்தார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதனைத் தொடர்ந்து வடக்குக்குப் பெற்றோல், டீசல், மின்கலம், வாகன உதிரிப்பாகம், ரயர் முதலிய பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. மின்சாரமும் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டைவிட்டு வெளியேறவும் உள்ளே வரவும், கிளாலிக் கடனீரேரியை இரவில் படகிற் கடக்க வேண்டியிருந்தது. அப்பயணத்தில் உயிரிழந்தோர் பலர். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில், உயர்ந்த விலையில் கிடைத்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். பெற்றோலில்லா யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயே பெற்றோல் ஆயிற்று.

அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தல் ஒன்றிலிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு இயந்திரத்தை முடுக்கினார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மோட்டார் சைக்கிளுக்கோ சில துளிகளே போதுமாயின. பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற தாழ்ந்த நிலையில் இருந்தமையால், மட்டமான எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. மேலும் அவற்றுள் பலவற்றை முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றியே முடுக்கலாம். மின்கலம் வலுவிழந்த காலத்தில் அது பெரும் பேறாயிற்று. புதிய ஜப்பானிய வாகனங்கள் பல முடங்கிக் கிடக்க, பாட்டன் காலத்து ஏ 40 வீதியில் ஓடிய விந்தையை நாம் கண்டோம்.

அந்த ஐந்து ஆண்டுகளும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஒரு மாரி இரவில், பேறுகாலத்து நோவோடிருந்த அயல் வீட்டுப் பெண்ணை ஏற்றுவதற்காக ஏ 40 ஒன்றை ஒழுங்கை முழுவதும் தள்ளிச் சென்றோம். முடுக்குவதற்கு வைத்திருந்த பெற்றோல் ஓர் இறாத்தல் பாற்போத்தலில் கால்வாசியும் இல்லை. இரண்டு முறை இருமி நின்ற இயந்திரம் மூன்றாம் முறை பிடித்தது. வெண்புகை ஒழுங்கையை மூடிற்று. அந்தப் பெண்ணும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த இரவில் அந்தக் கார் ஓடாதிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. பழைய இரும்பைப் பற்றி எவரேனும் ஏளனமாகப் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த இருமற் சத்தமே.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோதும், நடக்க இயலாதவர்களைச் சுமந்தவை இத்தகைய திருத்தப்பட்ட கார்களும் உழவு இயந்திரங்களும் மிதிவண்டிகளுமே.

இரண்டு நாடும் கற்ற பாடம்

விறகில் ஓடிய டேனியக் காருக்கும் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணக் காருக்கும் இடையில் ஒரு பாலமும் உண்டு. 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பேர்கசன் உழவு இயந்திரம், போருக்குப் பிந்திய டென்மார்க்கின் பண்ணைகளில் குதிரையின் இடத்தைப் பிடித்தது. இந்நாட்டின் முதியோர் இன்றும் அதனைப் பாசத்தோடு நினைவுகூர்வர். அதன் ஒரு வகை, பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாற்றும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. எமது கராச்சுக்காரர் இல்லாமையினால் கைக்கொண்ட முறையும், ஆங்கிலேயப் பொறியியலாளர் சிக்கனத்துக்காக வகுத்த முறையும் அடிப்படையில் ஒன்றே. பேர்கசனின் வழித்தோன்றலான மசி பேர்கசனே பரந்தன், கிளிநொச்சி வயல்களிலும் உழுதது.

ஆயினும் இவற்றைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் தகாது. மண்ணெண்ணெய் முற்றாக எரியாமல் வழிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. உள்ளே கரி படிந்தது. புகை சுவாசத்தைக் கெடுத்தது. பெற்றோற் போத்தலைத் தீயின் அருகே கையாண்டு எரிகாயமுற்றோரும் உண்டு. டென்மார்க்கில் தடை நீங்கியதும் விறகுக் கொள்கலங்களை மக்கள் மகிழ்ச்சியோடு கழற்றி எறிந்தார்கள். வேறு வழி இருக்குமாயின் எவரும் அவ்வாறு ஓட்டமாட்டார். எனவே நாம் போற்ற வேண்டியது அந்த இல்லாமையையன்று. அந்த நாள்களில் கைகள் பெற்ற அறிவையே.

பின்வளவுக்குத் திரும்புவோம்

அவ்வறிவு இன்று பின்வளவில் நிற்கும் பிக்கப்புக்கு எவ்வாறு உதவும்? இந்த நாட்டில் புதிய வாகனத்துக்கான பதிவுவரி நெடுங்காலமாகவே கடுமையானது. விலையின் மேற்பகுதிக்கு 180 வீதமாக இருந்த அவ்வரி 2015இன் பிற்பகுதியிலேயே 150 வீதமாகக் குறைந்தது. பழையதைப் பேணி ஓட்டும் வழக்கம் டேனியரிடையே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த காசோடு இவ்வேலையில் இறங்குவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் நன்று.

முதலாவதாக, வாங்குமுன் அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும். மாரியில் வீதிகளில் தூவப்படும் உப்பே இந்நாட்டு வாகனங்களின் பெரும் பகை. சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். கறள் தின்றது மந்தமாக ஒலிக்கும். வில்தகடுகள் பூட்டப்படும் இடத்திலும் சுக்கான்பெட்டி பூட்டப்படும் இடத்திலும் சட்டம் உக்கியிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் கைவிடுதலே அறிவு.

இரண்டாவதாக, காசை ஒழுங்கு முறையிற் செலவிட வேண்டும். நிறுத்தி, சுக்கான், ரயர், விளக்கு ஆகியவை முதலில், இயந்திரம் அடுத்தது, வர்ணம் கடைசியில். பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, பளபளக்கும் வண்டியோடு வாகனப் பரிசோதனையில் தோற்றுத் திரும்புகின்றனர். நிறுத்தி வேலையையும் சட்டத்துக்கு ஒட்டு வைப்பதையும் அனுபவமில்லாதவர் தாமே செய்தல் கூடாது. எண்ணெய் மாற்றுதல், கிறீஸ் இடுதல், கறள் சுரண்டிப் பூசுதல் ஆகியவற்றை நாமே செய்து கூலியை மிச்சப்படுத்தலாம்.

மூன்றாவதாக, நான்கு சில்லு இழுவைக்கு உரிய பாகங்களை மறத்தலாகாது. கியர்ப்பெட்டிக்கு அருகிலுள்ள பகிர்வுப்பெட்டி, முன்னும் பின்னுமுள்ள அச்சுப்பெட்டிகள் ஆகிய ஒவ்வொன்றிலும் தனித்தனியே எண்ணெய் உண்டு. அது பால்நிறமாக இருப்பின் உள்ளே நீர் புகுந்திருக்கின்றது என்பது பொருள். நான்கு ரயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். தேவையானபோது மட்டும் நான்கு சில்லு இழுவையை இணைக்கும் பழைய வகைகளில், உலர்ந்த தார் வீதியில் அதனை இணைத்து ஓட்டினால் அச்சுகளும் பற்சில்லுகளும் வீணாக முறுக்கேறித் தேயும். சேறு, மணல், பனி ஆகியவற்றுக்கே அது உரியது.

இறுதியாக, உயிர் பெரிது. பாரந்தூக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே படுத்தல் ஒருபோதும் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே கீழே செல்ல வேண்டும். உதிரிப்பாகங்களுக்கு, பழைய வாகனங்களை உடைத்துப் பாகங்களாக விற்கும் களங்களை நாடலாம். வாகனத்தின் ஆண்டையும் சட்ட இலக்கத்தையும் எழுதிக்கொண்டு செல்லாதவர் இருமுறை அலைவர்.

கைகளின் அறிவு

யாழ்ப்பாணத்தில் அந்த ஐந்து ஆண்டுகளும் வண்டிகளை ஓடவைத்த கைகள் பல இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கின்றன. கையில் சான்றிதழ் இல்லாமையாலும், மொழி தெரியாமையாலும், அவர்களுட் பெரும்பாலானோர் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் காலத்தைக் கழித்தார்கள். அவர்களுக்கு இப்பொழுது வயதாகின்றது. அவர்கள் செய்ததை எழுதிவைத்தவர் மிகச் சிலரே. போர்களையும் தலைவர்களையும் எழுதும் வரலாறு, பாற்போத்தலும் மெல்லிய குழாயும் கொண்டு ஓர் இயந்திரத்தை உயிர்ப்பித்தவனை மறந்துவிடுகின்றது. டேனியர் தமது விறகுக் கார்களை நூல்களிலும் காட்சிச் சாலைகளிலும் பேணி வைத்திருக்கின்றனர். நாமோ எமது கதையை வாய்ப்பேச்சாகவே விட்டுவைத்திருக்கின்றோம். ஒவ்வொரு மரணச் சடங்கோடும் அதில் ஒரு பகுதி போய்விடுகின்றது.

எனவே, பிள்ளைகளே, உங்கள் தந்தையாரிடமும் மாமாமாரிடமும் கேளுங்கள். எந்தக் காரை, எந்த ஆண்டில், எந்தப் பாகம் இல்லாமல், எப்படி ஓட்டினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தமிழில் எழுத இயலாவிட்டால் டேனிய மொழியிலாவது எழுதுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன பின்வளவுக்கு அன்று மாலை அயற்பண்ணையின் முதியவர் ஒருவர் வந்தார். திறந்து கிடந்த இயந்திரத்தை எட்டிப் பார்த்த அவர், போர்க்காலத்தில் தமது தந்தையார் லொறிக்கு விறகு பிளந்து உலர்த்திய விதத்தைச் சொல்லத் தொடங்கினார். மகன் அதனைத் தந்தையாருக்குத் தமிழில் சொன்னார். தந்தையாரின் மண்ணெண்ணெய்க் கதையை முதியவருக்கு டேனிய மொழியில் சொன்னார். இரண்டு கதைகளையும் முழுமையாகக் கேட்டவர் அந்த இளைஞர் ஒருவரே. பிறகு அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு வாகனத்தின் கீழே தந்தையாருக்கு வெளிச்சம் பிடிக்கச் சென்றுவிட்டார்.